சாகிற வரைக்கும், சார்

முதலீட்டாளரைப் பார்க்கப் போகிற இடத்தில் எதைப் பேசலாம், எதைப் பற்றி வாயே திறக்கக் கூடாது என்று பன்னுவுக்குச் சொல்லிக் கொடுத்தவர், மூன்று கம்பெனி தொடங்கி மூன்றையும் மூடியவர். ஆகவே அவருடைய அனுபவத்தில் யாருக்கும் சந்தேகம் இல்லை. புதிதாகத் தொழில் தொடங்குகிறவர்களுக்கு ஆலோசனை சொல்வது அவருடைய நான்காவது கம்பெனி. அது மட்டும் நன்றாக ஓடியது.

"எக்ஸிட்ங்கற வார்த்தை உன் வாயிலேருந்து வரவே கூடாது," என்றார் ஆலோசகர். "கம்பெனியை எப்ப விப்ப, யாருக்கு விப்ப, எப்படி வெளிய வருவ, எதுவும் பேசாத. வாடகைக்கு வீடு கேட்டுப் போற இடத்துல, எப்ப காலி பண்ணுவேன்னு யாராவது முதல்லயே பேசுவாங்களா?"

பன்னு வாடகைக்கு வீடு எடுத்தபோது அதைத்தான் முதலில் பேசியிருந்தான். வீட்டுக்காரரும் அதைத்தான் முதலில் கேட்டிருந்தார். இருந்தாலும் பெரியவர் பேச்சு என்று பலமாகத் தலையாட்டினான். தலையாட்டுவதில் அவனுக்கு இணை கிடையாது.

பன்னு என்பது அவன் தொழிலைப் பார்த்து வைத்த பெயர் இல்லை. சின்ன வயதில் கன்னத்தைப் பார்த்து வைத்தது. பின்னால் அவன் பேக்கரிகளுக்கு மென்பொருள் செய்யப் போனபோது, விளம்பரத்துக்காக வைத்துக்கொண்ட பெயர் என்று எல்லோரும் பாராட்டினார்கள். அவனும் மறுக்கவில்லை.

கம்பெனி அவனுடையதும் அவன் அக்காவுடையதும். அக்கா அதற்கு முன் ஒரு மருத்துவமனையின் ரத்த வங்கியில் இருந்தாள். நாளைக்கு எந்த வகை ரத்தம் எவ்வளவு வேண்டியிருக்கும் என்று இன்றைக்கே கணித்துச் சொல்வது அவள் வேலை. "ரத்தமோ ரொட்டியோ, கணக்கு ஒண்ணுதான். நாள் தாண்டினா கொட்டணும்," என்பாள். அந்தக் கணக்கைப் பேக்கரிக்கு ஏற்ற மாதிரி மாற்றியவள் அவள். அதைத் திரையில் அழகாகக் காட்டியவனும், ஊரெல்லாம் போய் வாய் வலிக்கப் பேசி விற்றவனும் பன்னு.

நாளைக்கு எத்தனை ரொட்டி போகும் என்று சொல்வதோடு அது நின்றிருந்தால் பேக்கரிக்காரர்களுக்குச் சந்தோஷமாக இருந்திருக்கும். ஆனால் காலையில் திறந்ததும் அது முதலில் ஒரு கேள்வி கேட்கும்: 'இன்று கடைசித் தட்டு எப்போது?' அதாவது, அடுப்பில் வைக்கப் போகிற கடைசி ரொட்டித் தட்டு எது, எப்போது நிறுத்தப் போகிறீர்கள். இதற்குப் பதில் போடாவிட்டால் அடுத்த பக்கத்துக்குப் போக முடியாது. அக்காவின் பிடிவாதம் அது. திட்டாத பேக்கரிக்காரரே இல்லை.

"அடுப்பே இன்னும் பத்த வைக்கல தம்பி, அதுக்குள்ள எப்ப அணைப்பேன்னு கேக்குது உங்க ஆப்பு. அபசகுனமா இல்ல?"

அப்போது பன்னு ஒரு பிரசங்கம் செய்வான். சாயங்காலம் அடுப்பு சூடாக இருக்கும், மாவு பிசைந்து கையில் இருக்கும், இன்னும் ஒரே ஒரு தட்டு போடலாமே என்று மனசு சொல்லும். அந்த நேரத்தில் யாராலும் நிறுத்த முடியாது. அதனால் அடுப்பு குளிர்ந்திருக்கும்போதே, புத்தியும் குளிர்ந்திருக்கும்போதே முடிவு செய்துவிட வேண்டும். இதை அவ்வளவு உருக்கமாகச் சொல்வான். கேட்ட ஒரு பேக்கரிக்காரர் கண் கலங்கியிருக்கிறார். வெங்காய ரொட்டிக்கு நறுக்கிக்கொண்டிருந்தார் என்பதையும் சேர்த்துச் சொல்வதுதான் நியாயம்.

ஆக, தொடங்கும்போதே முடிவைப் பேசு என்று ஊருக்கெல்லாம் விற்றவன், எக்ஸிட் பற்றிப் பேச மாட்டேன் என்ற உறுதியோடு முதலீட்டாளரைப் பார்க்கப் போனான். இதில் இருக்கிற வேடிக்கை அவனுக்கு அன்று உறைக்கவில்லை. சட்டையை இஸ்திரி போடுகிற கவலையில் இருந்தான்.

முதலீட்டாளர் ஒரு காலத்தில் கண் டாக்டர். இப்போதும் எல்லோரும் டாக்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். குரலை உயர்த்தியே பழக்கம் இல்லாத மனிதர். அறையில் எதிரே உட்கார்ந்தவனைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்ப்பார். பார்வை எவ்வளவு என்று கண்டுபிடிக்கிற மாதிரி. அக்கா அன்றைக்கு வரவில்லை. மகளுக்குக் காய்ச்சல்.

பன்னு பேசி முடித்ததும் டாக்டர் கேட்டார்: "எல்லாம் சரி தம்பி. உங்க எக்ஸிட் என்ன?"

இதைத்தான் பேசக் கூடாது என்று ஆலோசகர் சொல்லியிருந்தார். எதிராளியே பேசினால் என்ன செய்வது என்று சொல்லவில்லை. பன்னு தன் வாழ்க்கையிலேயே மிக நன்றாக வந்த வாக்கியத்தைச் சொன்னான்.

"எக்ஸிட்டா? அப்படி ஒண்ணே கிடையாது சார். நானும் அக்காவும் சாகற வரைக்கும் இதுலதான் இருப்போம்."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். மறுபடி போட்டுக்கொண்டு அவனைப் பார்த்தார். "எவ்வளவு பேரைப் பாத்திருக்கேன். இப்படி ஒருத்தரும் சொன்னதில்ல. தம்பி, இந்த வாக்கியத்தை அப்படியே ஒப்பந்தத்துல எழுதிக்கலாமா?"

"தாராளமா சார்!" என்றான் பன்னு. எல்லோரும் சிரித்தார்கள். மூலையில் உட்கார்ந்திருந்த டாக்டரின் வக்கீல் மட்டும் சிரிக்காமல் எழுதினார்.

ஒளிவு மறைவு என்று எதுவும் இல்லை. ஒப்பந்தம் வந்தபோது டாக்டரே பக்கத்தைத் திருப்பித் திருப்பிக் காட்டினார். "இது தெளிவா இருக்கா? சரி. இப்ப இது தெளிவா இருக்கா? முன்னதைவிடத் தெளிவா இருக்கா?" அந்த வாக்கியம் வக்கீல் தமிழில் இப்படி மாறியிருந்தது: நிறுவனர் இருவரில் எவரும் முதலீட்டாளரின் எழுத்துப்பூர்வமான சம்மதம் இல்லாமல் நிறுவனத்தை விற்கவோ, அலுவலகத்துக்கு நேரில் வரும் முழுநேரப் பணியை விட்டு விலகவோ இயலாது, ஒருவர் விலகினாலும் இருவரின் பங்கும் முதலீட்டாளரைச் சேரும். சாவைப் பற்றிய பகுதியை வக்கீல் நாகரிகம் கருதி எடுத்துவிட்டார்.

அக்கா கையெழுத்துப் போடும்போது தோளுக்கும் காதுக்கும் நடுவில் ஃபோனை இடுக்கிக்கொண்டு, ஒரு பேக்கரிக்காரரிடம் ஈஸ்ட் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாள். ஃபோனைக் கையால் பொத்திக்கொண்டு ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அவர் எப்ப போவாராம்?"

"யாரு?"

"பணம் போடறவர்தான்டா. நம்மளைப் போகக் கூடாதுங்கறாரே, அவர் எப்ப போவாராம்?"

"ஐயோ அக்கா, அதையெல்லாம் கேட்டா நல்லா இருக்காது."

ஈஸ்ட் பிரச்சினை அவசரமாக இருந்தது. அக்கா கையெழுத்துப் போட்டாள்.

பணம் வந்ததும் அலுவலகம் மாறியது. ஒரு பேக்கரியின் மாடியில் பெரிய அறை. வாடிக்கையாளருக்குப் பக்கத்திலேயே இருக்கலாம் என்பது பன்னுவின் யோசனை. பக்கத்தில் என்றால் நேர் மேலே. கீழே அடுப்பு எரிகிற நேரமெல்லாம் தரை சுட்டது. ஒரே ஒரு ஜன்னல். அதன் மேல் அடுப்பின் புகைக்குழாய் குறுக்கே ஓடியதால் திறக்க வழியில்லை. வேலைக்கு வந்த நாலு பேரும் செருப்பைக் கழற்றாமல், காலைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். மத்தியான வெயிலில் வெளியே போய் நின்றால் குளிர்ந்தது.

இருந்தாலும் தொழில் வளர்ந்தது. பிரமாதம் என்று சொல்ல முடியாது, கௌரவமாக வளர்ந்தது. பேக்கரிகள் கூடின. ரொட்டி கொட்டுவது குறைந்தது. டாக்டர் மாதா மாதம் வருவார், கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொள்வார், "இன்னும் வேகமா போகலாமே தம்பி," என்பார். பன்னு தலையாட்டுவான்.

இரண்டு செய்திகளும் ஒரே வாரத்தில் வந்தன.

முதல் செய்தியைக் கொண்டுவந்தவர் அத்தான், அதாவது அக்காவின் கணவர். ரயில்வே சிக்னல்களைப் பழுது பார்க்கிறவர். தொலைவில் வேறு ஊருக்கு மாற்றல் ஆகியிருந்தது. மகளுக்கு அங்கே பள்ளியில் இடம் பார்த்தாயிற்று, வீடும் பார்த்தாயிற்று. "வீடு நல்லா இருக்கு. சமையலறையில ஜன்னல் திறக்குது," என்று அக்காவிடம் சொன்னார். பேக்கரி மாடியில் வேலை பார்க்கிறவளிடம் இதைவிட ஆசை காட்டுகிற வார்த்தை கிடையாது.

இரண்டாவது செய்தி மாவு மில்லிலிருந்து. பாதிப் பேக்கரிகளுக்கு மாவு போடுகிற பெரிய மில் அது. அதை நடத்துகிற அம்மாள் நேரிலேயே மாடிப்படி ஏறி வந்தார். தரையைத் தொட்டுப் பார்த்தார். "இங்கயே ரொட்டி சுடலாமே," என்றார். பிறகு விஷயத்துக்கு வந்தார். கம்பெனியை மில்லே வாங்கிக்கொள்ளும். நாலு பேர் வேலைக்கும் ஆபத்து இல்லை. அக்கா விரும்பினால் எந்த ஊரிலிருந்தும் கணக்குப் போட்டு அனுப்பலாம், விரும்பாவிட்டால் விட்டுவிடலாம். விலை, அக்காவும் தம்பியும் வாழ்நாளில் சேர்த்துப் பார்க்காத தொகை.

மில்லம்மா படி இறங்கியதும் பன்னுவும் அக்காவும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். சின்ன வயதில் கண்ணாடி ஜாடியை உடைத்துவிட்டு, அம்மா பார்க்கவில்லை என்று தெரிந்ததும் பார்த்துக்கொண்ட அதே பார்வை.

"டாக்டருக்கு ஒரு வார்த்தை சொல்லிடலாம்," என்றான் பன்னு. "சந்தோஷப்படுவார்."

டாக்டர் சந்தோஷமும் படவில்லை, கோபமும் படவில்லை. பொறுமையாகக் கேட்டார்.

"நல்ல விலைதான் தம்பி. உங்களுக்கு. எனக்கு இது பத்தாது."

"நீங்க போட்டதைவிட ரெண்டு மடங்கு வருதே சார்."

"நான் பத்து கம்பெனியில பணம் போடறேன். ஒன்பது மூடிடும். மிச்சம் இருக்கற ஒண்ணு அந்த ஒன்பதுக்கும் சேர்த்துக் கொடுக்கணும். ரெண்டு மடங்கை வச்சு நான் என்ன பண்றது? நீங்கதான் அந்த ஒண்ணுன்னு நான் நம்பறேன்."

"நாங்க அந்த ஒண்ணு இல்லன்னா?"

"அப்ப ஒன்பதுல சேர்ந்துடுவீங்க," என்றார் டாக்டர், அதே மென்மையான குரலில். பார்வை கொஞ்சம் குறைந்திருக்கிறது, பயப்பட ஒன்றும் இல்லை என்று சொல்கிற தொனி.

பன்னு கழுத்துப் பட்டனை அவிழ்க்கப் போனான். ஏற்கெனவே அவிழ்ந்துதான் இருந்தது. கம்பெனி நன்றாக நடக்கிறது என்பதால் விற்க முடியாது. சுமாராகத்தான் நடக்கிறது என்பதாலும் விற்க முடியாது. மூடிப் போனால் மட்டும் வெளியே வரலாம். அப்போது கையில் ஒன்றும் இருக்காது.

"அக்காவையாவது அனுப்புங்க சார். அவங்க வீட்டுக்காரருக்கு மாற்றல்."

"கேக்கவே கஷ்டமா இருக்கு," என்றார் டாக்டர். உண்மையாகவே கஷ்டப்பட்டார். "ஆனா 'நானும் அக்காவும்'னுதானே தம்பி சொன்னீங்க? ரெண்டு பேரும்னுதானே நான் பணம் போட்டேன்?"

அக்கா வீட்டில் பெட்டிகள் அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. மகள் ஒவ்வொன்றின் மேலும் பெரிய எழுத்தில் பெயர் எழுதி ஒட்டியிருந்தாள்: அப்பா, நான், பாத்திரம், என் புக்கு. 'அம்மா' என்று எழுதிய பெட்டி சுவர் ஓரமாகக் காலியாக இருந்தது. உள்ளே பூனை படுத்திருந்தது.

அத்தான் பன்னுவைப் பார்த்து, "வாங்க மாப்ள. பொண்டாட்டியைக் கூட்டிட்டுப் போக யார்கிட்ட மனு கொடுக்கணும்? உங்ககிட்டயா, டாக்டர்கிட்டயா?" என்றார். சிரித்துக்கொண்டுதான் கேட்டார். அந்தச் சிரிப்புக்குப் பதில் கன்னத்தில் ஓர் அறை வாங்கியிருக்கலாம் என்று பன்னுவுக்குத் தோன்றியது.

அக்கா டேப் ஒட்டிக்கொண்டே கேட்டாள்.

"ஏண்டா, உனக்கு சாகற வரைக்கும்னு தோணிச்சுன்னா உன்னை மட்டும் சொல்லிக்க வேண்டியதுதானே? என்னை எதுக்குடா இழுத்த?"

"ஒரு ஃப்ளோல வந்துடுச்சுக்கா."

"ஃப்ளோல."

"நீயும் சேர்ந்தாதான் வாக்கியம் நிறைவா இருந்துச்சு."

அக்கா டேப்பைப் பல்லால் கடித்து அறுத்தாள். அதை ஒட்டாமல் கையிலேயே வைத்துக்கொண்டு அவனைப் பார்த்தாள். அழவும் இல்லை, திட்டவும் இல்லை. அவள் திட்டினால் அவன் தாங்கிக்கொள்வான். முப்பது வருஷமாகப் பழக்கம்.

"பேக்கரிக்காரனுக்கெல்லாம் என்ன சொல்லிக் கொடுத்தோம்?" என்றாள் மெல்ல. "காலையிலயே கேக்கணும்னு சொன்னோம்ல? நான் கேட்டேன்டா. ஃபோனை இடுக்கிட்டு கேட்டேன். பதில் வர்ற வரைக்கும் அடுத்த பக்கம் போகாம நின்னிருக்கணும். என் தப்பு அது."

"இல்லக்கா, என் தப்பு."

"உன் தப்பு உனக்கு. என் தப்புல பங்கு கேக்காத, நான் என்னோடதைச் சொல்றேன்."

மறுநாள் பன்னு டாக்டர் அறைக்குத் தனியாகப் போனான். ஆலோசகரிடம் கேட்டுவிட்டுப் போகலாமா என்று யோசித்தான். அவரிடம் கேட்காமல் செய்கிற முதல் காரியம் இது என்பதால், சரியாக இருக்கவும் வாய்ப்பு இருக்கிறது என்று பட்டது.

"அக்காவை அவங்க பங்கோட விடுங்க சார். என் பங்குல பாதியை நீங்க எடுத்துக்கோங்க. நான் இருக்கேன்."

டாக்டர் யோசித்தார். "எவ்வளவு நாள் இருப்பீங்க?"

"நீங்க சொல்ற வரைக்கும்."

"சாகற வரைக்கும்னு சொன்னவர்," என்று டாக்டர் பாசமாகச் சிரித்தார். வக்கீலைக் கூப்பிட்டார். புதுத் தாள்கள் வந்தன. "இது தெளிவா இருக்கா தம்பி? இப்ப?" தெளிவாகத்தான் இருந்தது. பன்னுவின் பங்கு பாதியானது. விலகக் கூடாது என்ற பத்தியில் அக்காவின் பெயர் இல்லை. 'இருவரில் எவரும்' என்பது போய், 'அவர் மட்டும்' என்று வந்தது.

பேனாவைத் திறந்தவன் மூடினான்.

"ஒரு கேள்வி சார். நீங்க எப்ப போவீங்க?"

வக்கீல் தலையை நிமிர்த்தினார். டாக்டருக்கு ஒரு சங்கடமும் இல்லை. சாப்பாட்டு நேரம் கேட்டால் சொல்வது போலச் சொன்னார்.

"இன்னும் நாலு வருஷம். பணம் முழுக்க என்னோடது இல்ல தம்பி. எனக்குக் கொடுத்தவங்களுக்கு ஒரு தேதி சொல்லியிருக்கேன். அந்தத் தேதி வந்தா கையில இருக்கற எல்லாத்தையும் வித்து, கணக்கை முடிச்சுடணும். அதெல்லாம் உங்களைப் பாக்கறதுக்கு முன்னாடியே முடிவானது."

"அன்னிக்கு என்ன விலை வருதோ அதுக்கா?"

"அன்னிக்கு வர்ற விலைக்கு."

"இப்ப மில்லம்மா சொன்னதைவிடக் கம்மியா வந்தாக்கூட?"

"தேதின்னா தேதிதானே தம்பி."

கீழே அடுப்பு எரியாத இந்த அறையிலும் பன்னுவுக்கு உள்ளங்கால் சுட்டது.

"இதை ஏன் சார் முதல்லயே சொல்லல?"

"நீங்க கேக்கவே இல்லையே," என்றார் டாக்டர். குற்றம் சொல்கிற மாதிரி இல்லை; வியப்பாகத்தான் சொன்னார். "நானாதான் எக்ஸிட் பேச்சையே எடுத்தேன். நீங்க சாகற வரைக்கும்னு சொல்லிட்டீங்க. அவ்வளவு மனசா சொல்றவர்கிட்ட போய் நான் தேதி பேசினா நல்லா இருக்குமா, சொல்லுங்க?"

நல்லா இருக்காது. பன்னு ஒப்புக்கொண்டான். தாளில் கையெழுத்துப் போட்டான். சுவர் ஓரத்து 'அம்மா' பெட்டியிலிருந்து பூனை எழுந்து போயாக வேண்டும். அதற்கு வேறு வழி தெரியவில்லை.

அக்கா போகிற அன்று பேக்கரி மாடிக்கு வந்து தன் நாற்காலியைப் பார்த்தாள். கணக்குகளை நாலு பேருக்கும் சொல்லிக் கொடுத்து முடித்திருந்தாள். பன்னு என்ன கொடுத்து அவளை அனுப்புகிறான் என்று அவனும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. ஆனால் மாடிப்படியில் இறங்கும்போது அவன் கன்னத்தைக் கிள்ளினாள். வலிக்கிற மாதிரி.

"பன்னு எல்லாம் போய் வெறும் காஞ்ச ரொட்டியா இருக்கு. சாப்பிடுடா ஒழுங்கா."

"ஜன்னல் திறக்குதான்னு பாத்து சொல்லு," என்றான் அவன்.

போய்ச் சேர்ந்ததும் படம் அனுப்பினாள். ஜன்னல் திறந்திருந்தது. அதன் விளிம்பில் பூனை.

அடுத்த மாதம் டாக்டர் ஒரு கூட்டம் நடத்தினார். புதிதாகத் தொழில் தொடங்கியவர்கள் அறை நிறைய இருந்தார்கள். அத்தனை பேர் சட்டையும் புதிதாக இஸ்திரி போட்டது. பன்னுவை மேடையில் நிறுத்தி, பக்கத்தில் நின்று, தோளில் கை போட்டுக்கொண்டார் டாக்டர். "இவர்கிட்ட நான் முதல் நாள் எக்ஸிட் என்னன்னு கேட்டேன். என்ன சொன்னார் தெரியுமா? நீங்களே சொல்லுங்க தம்பி."

"சாகிற வரைக்கும், சார்," என்றான் பன்னு.

கைதட்டல் ஓய வெகு நேரம் ஆனது. ஆலோசகர் முன் வரிசையில் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வெங்காயம் எதுவும் பக்கத்தில் இல்லை.

அப்போது பின்வரிசையில் ஒரு பெண் எழுந்தாள். மூக்குக் கண்ணாடிகளைப் பழுது பார்க்கிற கம்பெனி ஏதோ தொடங்கியிருந்தாளாம். தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"அண்ணா, அப்ப நாங்க முதலீட்டாளர்கிட்ட எக்ஸிட் பத்திப் பேசவே கூடாதா?"

தோளில் இருந்த கை லேசாக அழுத்தியது. அன்பாகத்தான். பன்னு அந்தக் கையைப் பார்த்தான், அறையைப் பார்த்தான். ஜன்னல்கள் மூடியிருந்தன, ஏசி ஓடியது.

"உன்னோடதைப் பத்தி நீ பேச வேண்டாம்மா," என்றான். "அவர் எப்ப போவார்னு கேளு. இப்பவே கேளு, இதோ இங்கதான் நிக்கறார். ரொம்ப நல்ல மனுஷன், கேட்டா சொல்லிடுவார். பதில் சொல்ற வரைக்கும் நீ உக்காராத."

எல்லோரும் டாக்டரைப் பார்த்தார்கள். அந்தப் பெண் உட்காரவில்லை. டாக்டர் கண்ணாடியைத் துடைக்க நினைத்தார் போலிருக்கிறது. அதற்கு இரண்டு கையும் வேண்டும். பன்னுவின் தோளிலிருந்து ஒரு கையை எடுக்க வேண்டியிருந்தது.

எடுத்தார். துடைத்து முடித்ததும் மறுபடி வைத்துக்கொண்டார்.